நொட்டாங்கை முடிச்சு

கதிரை ஒரு உள்ளங்கையில் வைத்து மறு உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க மலைப்புல் விதை சுளகில் உதிர்ந்துகொண்டே இருந்தது. உதிரும்போதே குத்தவும் செய்தது. ஒவ்வொரு விதைக்கும் பூனை மீசை மாதிரி நீளமாக ஒரு வால், அது நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோறு பிசையும்போதுதான் தெரியும் எங்கே இருக்கிறதென்று. நிரோஷா தேய்த்தாள், சுளகைத் தூக்கிப் புடைத்தாள். பொக்கெல்லாம் முன்னால் பறந்து தரையில் விழுந்தது, கனமுள்ள விதை பின்னால் ஒதுங்கி அவள் வயிற்றுப் பக்கம் வந்து நின்றது. முன்னால் பறக்கிறதைத்தானே கண் பார்க்கிறது, பின்னால் நிற்கிறதை யார் பார்க்கிறார்கள். விதைக் கொட்டகையில் அவள் மட்டும்தான். மற்றப் பொம்பிளைகள் எல்லாம் வெளியே தாழ்வாரத்தில் காட்டிலாகா ஜீப்புக்குக் காத்துக்கொண்டு கதை பேசினார்கள். பின்னால் வந்து சேர்ந்த கடைசிக் கதிர்க் கட்டைத் தேய்த்து முடிக்கிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அவளும் சரிக்கா என்று உட்கார்ந்துவிட்டாள், அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை. பாப்பா தாழ்வாரத்துக் கம்பத்தில் கட்டின தூளியில் தூங்கினாள். தூளியின் கயிறு கிறீச் கிறீச் என்றது, ரதியோ யாரோ போகிறபோக்கில் ஆட்டிவிடுகிறார்கள். ஆட்டட்டும். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். அவள் தூங்குகிறவரைக்கும்தான் இந்தக் கைக்கு நேரம். எதிரே பலகையில் சாக்குகள் வரிசையாக நின்றன, ஆளுக்கொரு சாக்கு, ஒவ்வொன்றின் வாயிலும் சேலைத்துண்டு. சீட்டில் பேரெழுதிக் கட்டினால் இந்தப் பனிக்கு மை கரைந்து போகிறது, சேலை கரையாது, யார் சேலை என்று லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாமலும் போகாது. கிளிப்பச்சைத் துண்டு புஷ்பாக்காவுடையது. அதற்கு அடுத்து நிற்கிற வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம் நிரோஷாவுடையது, வளைகாப்புக்குக் கட்டின சேலை, அதிலேதான் பாப்பாவுக்குத் தூளியும், மிச்சத்தில்தான் சாக்குக்குத் துண்டும். அவரவர் சாக்கை அவரவர்தான் கட்டவேண்டும். அடுத்தவள் முடிச்சில் கை வைக்கிறது அடுத்தவள் தாலியில் கை வைக்கிற மாதிரி என்று புஷ்பாக்காவே முதல் நாள் கூட்டத்தில் சொன்னாள். அவள் வாயாலேயே சொன்னாள்.

"ஏன்க்கா, இன்னைக்கு ஜீப்புல முன் சீட்டா ஒங்களுக்கு?" என்று வெளியே ரதி கேட்டாள். "பின்ன? சாக்கோட சாக்கா என்னையும் பின்னால ஏத்தி விடுறியா?" புஷ்பாக்காவின் குரல். சிரிப்பு. "உள்ள என்னா சத்தத்தையே காணோம்? பொக்கு இன்னும் பொடைச்சு முடிக்கலையா?" "பொக்கே ஒக்காந்து பொக்கப் பொடைக்குது, அது எப்பக்கா முடியும்?" மறுபடியும் சிரிப்பு, இந்தத் தடவை தேயிலைக் குச்சி ஒடிகிற மாதிரி படபடவென்று. நிரோஷாவின் கை நின்று, மறுபடி தேய்த்தது. பொக்கு. உள்ளே ஒன்றுமில்லாத விதைக்குப் பேர் அது. போன வருசம் இதே கொட்டகையில், இதே பலகைக்கு முன்னால் அந்தப் பேர் வந்தது. விதையை மலைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் சுருட்டி வைப்பார்கள், சில நாள் போனதும் பிரித்துப் பார்ப்பார்கள், எத்தனை முளைத்திருக்கிறதோ அதுதான் அந்தக் கையின் மதிப்பு. பாரஸ்டர் துணியைப் பிரித்தார். பச்சைத் துண்டுச் சாக்கின் விதை முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை விட்டு, தலைக்குக் குளித்த குழந்தையின் முடி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. கத்தரிப்பூத் துண்டுச் சாக்கின் விதை வைத்தது வைத்தபடி கிடந்தது, பூசண நாற்றம் வேறு. "இதென்னம்மா, ஒண்ணுகூட மொளைக்கல?" என்றார் அவர். அவள் வாயைத் திறக்குமுன்னே புஷ்பாக்கா திறந்தாள். "கைப்புள்ளக்காரிங்க சார். மூத்திரத் துணியக் கொண்டாந்து விதை மேல காயப்போட்டா எப்புடி மொளைக்கும்? பொக்குதான் மிஞ்சும்." எல்லாரும் சிரித்தார்கள். பாரஸ்டரும் சிரித்தார், பாவம், அவருக்கென்ன தெரியும். அப்போதுதான் நிரோஷாவின் கண் சாக்கின் வாயில் விழுந்தது. துண்டு அவளுடையதுதான். முடிச்சு அவளுடையது இல்லை. அவள் நொட்டாங்கைக்காரி, அவள் போடுகிற முடிச்சின் வால் இடது பக்கம் விழும், சின்ன வயதிலிருந்து எத்தனை அடி வாங்கியும் மாறாத கை அது. அந்தச் சாக்கில் வால் வலது பக்கம் விழுந்து கிடந்தது, தடித்த, இறுக்கமான, பழகின கையின் முடிச்சு. அவள் நிமிர்ந்தாள். புஷ்பாக்கா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டது இவளுக்கு என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. மழைக்காலம் பூராவும் புஷ்பாக்கா தன் சாக்கை அடுப்புக்கு மேலே பரணில் தூக்கி வைத்திருந்ததை நிரோஷா பார்த்திருக்கிறாள், அடுத்த வீடுதானே, நெருப்பு வாங்கப் போனபோது பார்த்தாள். ஈரம் தட்டாமல் இருக்கட்டும் என்று வைத்தாள், விதை சூட்டில் செத்துப்போனது, செத்ததை என் தலையில் கட்டிவிட்டு என் உயிருள்ளதைத் தன் பேரில் கட்டிக்கொண்டாள். இதைச் சொல்லியிருக்கலாம். முடிச்சைப் பாருங்க சார் என்று ஒரு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது, குனிந்து பாப்பாவின் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே நின்றாள். பேசாமல் நிற்கிறவள்தான் தப்புச் செய்தவள், ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

தேய்த்த கதிரைத் தள்ளிவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள். அந்த முளை விட்ட விதையெல்லாம் மான்மேட்டின் கிழக்குச் சரிவுக்குப் போனது. மலைத் தண்ணியை உறிஞ்சிக் குடிக்கிற சீகை மரத்தையெல்லாம் காட்டிலாகா வெட்டி இழுத்துப்போன பிறகு தோலுரித்த ஆடு மாதிரி சிவப்பாகக் கிடந்த சரிவு அது. இப்போது போய்ப் பார், காற்றடித்தால் புல் ஒரு பக்கமாகப் படுத்து எழும்புகிறது, விடியற்காலைப் பனி அதன் மேல் உட்கார்ந்து இறங்க மனமில்லாமல் கிடக்கிறது. லயத்தில் அதற்குப் புஷ்பா புல் என்று பேர். மாட்டைப் புஷ்பா புல்லில் விடாதே என்கிறார்கள். புஷ்பா புல் தாண்டினதும் இடது கைப் பக்கம் திரும்பு என்கிறார்கள். பாப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, கதிர் முற்றின நேரம் பார்த்து, ஒரு தூருக்கு ஒரு பிடிக்கு மேல் எடுக்காமல், மிச்சத்தை மலைக்கே விட்டுவிட்டு, அட்டை கடித்த காலோடு அவள் சேர்த்த விதை. தான் பெற்ற பிள்ளையை அடுத்தவள் இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்தவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. தினமும் தண்ணிக்குப் போகிற வழியில் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். புஷ்பாக்காவைக் குழுத் தலைவி ஆக்கினார்கள், புதுச் சேலை போர்த்தினார்கள், நிரோஷாவும் கை தட்டினாள், எல்லாரும் தட்டும்போது தட்டாமல் இருக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. அதைக்கூட மறந்திருப்பாள். ஒரு நாள் தேயிலை பாக்டரியிலிருந்து சுதாகர் வந்தான், சட்டையைக் கழற்றிக்கொண்டே, என்ன பொக்கு, டீ கீ உண்டா என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். கட்டினவன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரையும் சரியாகத்தான் போட்டாள். அன்றைக்கு அவளுக்குள்ளே ஒரு இடத்தில் விழுந்தது ஒரு விதை. அதற்கு ஈரத்துணி பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

விரலை வாயில் வைத்து உறிஞ்சினாள், உப்புக் கரித்தது. இந்த வருசமும் கதிர் பறித்தாள், சாக்கு நிறைந்தது, நல்ல விதை, கையில் அள்ளினால் மண் மாதிரி கனத்தது. அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டு அடுப்புக்கு மேலே தானே கட்டித் தொங்கவிட்டாள். தெரிந்தேதான் தொங்கவிட்டாள். இட்லி வேகும்போது மேலே பார்ப்பாள், பாப்பாவுக்கு வெந்நீர் கொதிக்கும்போது பார்ப்பாள். என்னாத்துக்கு அதைப் போய் அங்கன கட்டியிருக்கே என்று சுதாகர் கேட்டபோது ஈரங்க என்றாள். சாகிற விதை சத்தம் போடாது. எப்போது செத்தது என்றே தெரியாது. பிறகு இறக்கி, புகை வாடை போக நாள்கணக்கில் காற்றாட விட்டு, புதுச் சாக்கில் மாற்றி, கத்தரிப்பூத் துண்டைக் கட்டிக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தாள். காற்றாட விட்டிருந்தபோது ஒரு நாள் பனி இறங்கி விதையெல்லாம் நனைந்தது, வால்கள் மெல்ல முறுக்கிக்கொண்டு திரும்பின, மண்ணைத் துளைத்து இறங்குகிற மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் நெளிந்தன. செத்ததற்குக்கூட வால் ஆடுமா. அவள் பயந்துபோய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: போன வருசம் புஷ்பாக்கா செய்த மாதிரியே துண்டை மாற்றிக் கட்டிவிடவேண்டும். ஈரத்துணியைப் பிரிக்கும்போது பச்சைத் துண்டுச் சாக்கு பூசணம் பூத்து நாறவேண்டும். எல்லாருக்கும் முன்னால் புஷ்பாக்காவின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும், சிரிப்பு வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்காக வலது கை முடிச்சு பழகினாள். போன வருசம் கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்ட அன்றிலிருந்து புஷ்பாக்கா கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் சாக்கின் முடிச்சைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்க்கிறாள், சாமி கும்பிடுகிற மாதிரி தினமும். திருடினவளுக்குத்தானே தெரியும் எப்படித் திருடலாம் என்று. அதனால் தூளிக் கயிற்றில், பாப்பா தூங்கத் தூங்க, வலது கையால் சுற்றி வலது பக்கம் வால் விழுகிற மாதிரி போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்து, கடைசியில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஆனால் காலையில் பாரஸ்டர் வந்து ஒன்று சொன்னார். "மழை முந்திக்கிட்டு வருதும்மா. ஈரத்துணி வச்சுப் பாக்க நேரமில்ல. புஷ்பா சாக்கு மட்டும் இன்னைக்கே மேல போகட்டும், மேற்குச் சரிவுல தூவிடலாம். அது நம்பிக்கையான கை. மத்த சாக்கெல்லாம் பொறவு பாத்துக்குவோம்." நம்பிக்கையான கை. எந்தக் கை அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாற்றிக் கட்டினால் செத்த விதை இனி ஈரத்துணிக்குப் போகாது, நேரே மலைக்குப் போகும். மேற்குச் சரிவில் தூவி, மழை பெய்து, ஒன்றும் முளைக்காது. இன்னும் நல்லதுதானே. ஒரு நாள் சிரிப்போடு போகாது, வருசம் பூராவும் அந்தச் சரிவு மொட்டையாக நின்று அவள் பேரைச் சொல்லும், புஷ்பா மொட்டை என்று கூப்பிடுவார்கள், தண்ணிக்குப் போகும்போதெல்லாம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். தண்ணி. சுளகு கையில் நின்றது. மேற்குச் சரிவின் அடியில்தான் ஊத்து. சீகை மரங்கள் நின்ற காலத்தில் அது குடத்தின் அடியைக்கூட நனைக்காமல் கிடந்தது, கல்யாணமாகி வந்த புதிதில் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள். மரம் போய்க் கிழக்கே புல் வந்தபிறகுதான் கல்லிடுக்கில் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. பாப்பாவின் முகத்தை முதல் தடவை அதில் கழுவினபோது மூச்சடைத்துப்போய் வாயைத் திறந்தாள் பாப்பா, பிறகு சிரித்தாள். மேற்கே புல் பிடிக்காவிட்டால் மழைக்கு மண் கரைந்து ஊத்துக்குள் இறங்கும். மண்ணுக்குள்ளே சீகை விதை வேறு கிடக்கிறது, அதற்குச் சாவே கிடையாது, எந்த நெருப்பில் போட்டாலும் அது முளைக்கத்தான் செய்யும். என் விதை சூடு பட்டால் சாகும், அது சூடு பட்டால் பிறக்கும். சரி, மாற்றாமல் விட்டுவிடு. விட்டுவிட்டால்? கத்தரிப்பூச் சாக்கு ஈரத்துணிக்குப் போகும், ஒன்றும் முளைக்காது, ரெண்டாம் வருசமும் பொக்கு, இனிமே நீ வரவேண்டாம்மா என்று சொல்லிவிடுவார்கள். தன் அடுப்பில் தன் கையால் தன்னையே வேகவைத்துக்கொண்ட மாதிரி. அப்போதும் புஷ்பாக்கா சிரிப்பாள். தூரத்தில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது, வளைவில் உறுமி, அடங்கி, மறுபடி உறுமி.

எழுந்தாள். எழுந்ததே தெரியாமல் எழுந்தாள். பலகைக்கு முன்னால் நின்றபோது நெஞ்சு தூளிக் கயிறு மாதிரி கிறீச்சிட்டது. கத்தரிப்பூத் துண்டை அவிழ்த்தாள். பச்சைத் துண்டை அவிழ்த்தாள், பல்லால் கடித்து இழுக்கவேண்டியிருந்தது, புஷ்பாக்கா வீட்டு மஞ்சள் வாசனை அடித்தது. நல்ல விதையின் வாயில் தன் துண்டைச் சுற்றினாள், அது என்னுடையதில்லை, ஆனால் போன வருசம் என்னுடையது எனக்கு வந்ததா. செத்த விதையின் வாயில் பச்சையைச் சுற்றினாள். வலது கை, வலது பக்கம். விரலெல்லாம் வால் குத்தி வீங்கிக் கிடந்தது, துணி வழுக்கியது, ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்தது, கை தன்பாட்டுக்குத் தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. பார்த்தாள். பச்சைத் துண்டின் வால் இடது பக்கம் விழுந்து கிடந்தது. ஐயோ. அவிழ்க்கக் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. புஷ்பாக்கா வருவாள். கட்டைவிரலால் தடவுவாள். லயத்தில் நொட்டாங்கை ஒருத்திதான். தொட்டவுடனே தெரியும் அவளுக்கு, இது தன் சாக்கில்லை என்று. தெரிந்து? என் முடிச்சை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பாரஸ்டரிடம் சொல்லவேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார். முடிச்சைப் பார்த்தால் தெரியும் சார் என்று அவள் வாயாலேயே வரவேண்டும். அது வந்துவிட்டால் போன வருசத்து முடிச்சும் வரும், வரவழைக்காமல் விடமாட்டேன், அப்போதாவது விடமாட்டேன். சொல்லாவிட்டால் செத்த விதை அவள் பேரில் மலையேறும். ரெண்டில் எது என்று அவளே எடுக்கட்டும். நிரோஷா கையை எடுத்துவிட்டாள். முடிச்சு அப்படியே இருக்கட்டும். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போயிற்று.

"ஆச்சா புள்ள?" என்று கேட்டுக்கொண்டே புஷ்பாக்கா உள்ளே வந்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தபடி, நேரே பலகைக்கு. கட்டைவிரல் பச்சைத் துண்டின் மேல் போயிற்று. நின்றது. மறுபடியும் ஒரு தடவை தடவியது. பக்கத்துக் கத்தரிப்பூத் துண்டைப் பார்த்தாள், பிறகு நிரோஷாவின் கையைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை. வெளியே பாரஸ்டர், "புஷ்பா, சாக்கத் தூக்கிட்டு வாம்மா, பனி எறங்குது" என்றார்.

"எடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள் நிரோஷா. தன் குரல் இப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. "ஒங்க துண்டுதான கட்டியிருக்கு."

புஷ்பாக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த நாக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று நிரோஷாவுக்குத் தெரியும், மேலண்ணத்தில், அந்த இடம் அவளுக்குப் பழக்கம், அதைப் பார்க்கப் பார்க்க வெல்லம் கரைகிற மாதிரி உள்ளே ஏதோ கரைந்து இறங்கியது. நில். இன்னும் கொஞ்சம் நில். கண்ணில் முட்டட்டும், சேலை நுனியை இழுத்து இழுத்து விடு. புஷ்பாக்கா மெல்லக் குனிந்தாள், சாக்கின் ரெண்டு காதையும் பிடித்தாள், தூக்கி இடுப்பில் வைத்தாள். வைத்துவிட்டாள். வாசலைப் பார்த்துத் திரும்பினாள், வால் இடப்பக்கமாக ஆடிக்கொண்டே போயிற்று, போகிறாளே, வாயைத் திறக்காமலே போகிறாளே, பேசுக்கா, நான் நின்ன மாதிரி நீயும் நிக்காதே, கல்லிடுக்கில் அந்த நூல், பாப்பாவின் முகம், நீ பேசாவிட்டால் அப்புறம் நான்தான் பேசவேண்டியிருக்கும், இந்த வருசத்தைச் சொன்னால் போன வருசத்தையும் சேர்த்தே சொல்லுவேன், ஒன்றையும் விடமாட்டேன், ஜீப்புக்கு முன்னால் போய் நின்று, சார், அந்தச் சாக்கு

"ஏய் பொக்கு! ஒம்புள்ள முழிச்சிருச்சு, ஓடியா!"